வாய்க்கால் குடிக்கும் மருந்து
(பாடம்: பிள்ளைகளின் குடல் அழற்சியும் மருந்து செய்யும் வேலையும்)

2015ஆம் ஆண்டளவில் வலிகாமத்து நலன்புரி நிலையமொன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து எம்மிடம் கேட்டார்: “சுவாமி, என்ரை ரண்டு பெடியளுக்கும் வயித்தாலை போச்சுது. ரண்டு பேருக்கும் ஒரே குளிசைதான் குடுத்தனான். மூத்தவனுக்கு மூண்டு நாளிலை கேட்டுது. இளையவனுக்கு மூண்டு மாதமாகியும் கேக்கேல்லை. குளிசை பிழையோ, பெடி பிழையோ?”

அவருடைய குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பம். அப்போது அவரே ஒரு சிறுபிள்ளை. தகரக் கொட்டிலில் வளர்ந்து, தகரக் கொட்டிலில் கலியாணம் முடித்து, அங்கேயே இரண்டு ஆண் பிள்ளைகளையும் பெற்றவர். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். குளிசையும் பிழையில்லை, பெடியும் பிழையில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அந்தக் குளிசை எமது மருந்துப் பெட்டியிலிருந்து போனது என்பதை அன்று கூட்டத்தில் சொல்லவில்லை. அதைப் பின்னால் சொல்வோம்.

அந்தத் தாயின் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நோய் இருக்கவில்லை. இரண்டாவது, ஒரே நோய் இருந்திருந்தாலும், நோயுற்ற குடல் ஒரு மருந்தை நலமான குடல் கையாள்வது போலக் கையாளாது. இரண்டாவது பதிலை எமது சனங்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

கடைசிப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர்?

இறைப்பு நாட்களை நினைத்துப் பாருங்கள். மிசின் இழுக்கும் தண்ணீர் முழுவதும் வெங்காயத்தின் வேருக்குப் போவதில்லை. கடைசிப் பாத்திக்கு வருமுன் மண் வாய்க்கால் ஒரு பங்கைக் குடித்துவிடும். அனுபவமுள்ள கமக்காரன் அதைக் கணக்கில் வைத்தே மிசினை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்று தீர்மானிப்பான். வாய்க்காலுக்குச் சீமெந்து பூசிவிட்டு முன்போல அதே நேரத்துக்கு இறைத்தால் பாத்தி வெள்ளக்காடாகும். வாய்க்கால் உடைந்து அயற்காணிக்குள் பாய்ந்தால் பயிர் வாடும். மிசின் அதேதான். மாறியது வாய்க்கால்.

வாயால் விழுங்கும் மருந்தும் இப்படியே போகிறது. சிறுகுடலின் உட்புறம் முழுவதும் சடைமுளைகள் என்னும் மிகச் சிறிய விரல்கள், மயிர்க் கம்பளம் போல நிற்கின்றன. அவற்றை மூடியிருக்கும் கலங்கள் உணவை உறிஞ்சுகின்றன. அவற்றுக்கு வேறொரு தொழிலும் உண்டு. நாம் தின்பவற்றோடு எத்தனையோ கசப்பும் நஞ்சும் உள்ளே வருகின்றன. அவற்றை உடைத்துப் போடும் நொதியங்கள் இக்கலங்களுக்குள் இருக்கின்றன. இவற்றுள் பெரியது சி.வை.பி.3ஏ4 என்று ஆராய்ச்சியாளர் எழுதும் நொதியம். பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இன்று பாவனையிலுள்ள மருந்துகளில் பெரும் பங்கை உடைப்பது இதுவே என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்தால் போதும். குடலைத் தாண்டிய மருந்து ஈரலுக்குப் போகிறது. அங்கும் அதே நொதியம் காத்திருக்கிறது. இரண்டையும் தாண்டி மிஞ்சுவதே இரத்தத்தில் சேரும்.

எவ்வளவு மிஞ்சும்? பிளட் பிரசருக்குக் கொடுக்கும் பெலோடிப்பின் என்ற மருந்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவே இரத்தத்துக்கு வந்து சேருகிறது. மிச்சத்தை வாய்க்கால் குடித்துவிடும். வைத்தியர் எழுதும் அளவு இந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு.

இது தெரியவந்த விதமும் சுவையானது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இதே மருந்தை மதுவோடு சேர்த்துச் சோதித்துக் கொண்டிருந்தார்கள். மதுவின் சுவை தெரியாதிருக்க கிரேப்புறூட் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியது. பிழை மதுவில் இல்லை, பழச்சாற்றில் என்று பின்னர் கண்டுபிடித்து 1989இல் வெளியிட்டார்கள். அந்தப் பழத்திலுள்ள சில பொருட்கள் குடலிலிருக்கும் நொதியத்தை முடக்கிவிடுகின்றன. வாய்க்காலுக்குச் சீமெந்து பூசியது போலத்தான். கிரேப்புறூட், எங்கள் வளவுகளில் நிற்கும் பம்பளிமாசுக்கும் தோடைக்கும் பிறந்த கலப்பு. பம்பளிமாசிலும் அதே வகைப் பொருட்கள் உண்டு. பிரசருக்கோ, கொலஸ்ரரோலுக்கோ, சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னரோ தினமும் குளிசை போடுபவர்கள் பம்பளிமாசு உண்ணலாமோ என்று கிளினிக்கில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

நொதியத்தோடு ஒரு வாசற்காவலும் உண்டு. குடற்கலத்தின் சுவரிலுள்ள ஒரு புரதம், உள்ளே வந்த சில மருந்துகளைப் பிடித்து வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. இதே காவற்காரன் மூளையின் வாசலிலும் நிற்கிறான். வயிற்றோட்டத்தை நிற்பாட்டவென்று கடைகளில் விற்கும் லொப்பெரமைட் அபின் வகையைச் சார்ந்ததாக இருந்தும் வளர்ந்தவர்களை மயக்காதிருப்பதற்குக் காரணம் அவனே. கைக்குழந்தையின் நிலை வேறு. 1990ஆம் ஆண்டையொட்டி பாகிஸ்தானில் இம்மருந்தின் சொட்டு வடிவத்தைக் குடித்த குழந்தைகள் குடல் இயக்கம் நின்று இறந்தார்கள். அதன்பின் சொட்டு மருந்து சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. சிறுபிள்ளையின் வயிற்றோட்டத்தைக் “கட்டுகிற” குளிசை எதையும் கேட்டு வாங்காதீர்கள்.

பதுங்குகுழி வெட்டும் கலம்

இனி அழற்சி என்றால் என்ன என்று பார்ப்போம். கையில் முள் ஏறிய இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, நோவெடுக்கிறதல்லவா? அதே காரியம் குடலின் உட்சுவரில் நடப்பதே குடல் அழற்சி. கிருமியால் வரலாம். அமீபாவால் வரலாம். சிலருக்கு உடலின் சொந்தப் பாதுகாப்புப் படையே தன் குடலைத் தாக்குவதாலும் வரலாம்.

அழற்சி நேரத்தில் குடற்கலம் தன் வழமையான தொழிலைக் குறைத்துவிடுகிறது. ஏன்? ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பரம்பரையலகுகள் உள்ளன. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற கைவேலைக் குறிப்புகள் அவை. எல்லாக் கலத்திலும் எல்லாக் குறிப்பும் உண்டு. எந்த நேரத்தில் எந்தக் குறிப்பை விரித்துப் பார்த்து வேலை செய்வது என்பதே மாறும். இதனைப் பரம்பரையலகு வெளிப்பாடு என்கிறார்கள்.

எமது வாசகர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமல்ல. 1990களில் ஒவ்வொரு கமக்காரன் கையிலும் ஒரு மண்வெட்டி இருந்தது. பாத்தி கட்டத் தெரியும், வாய்க்கால் வெட்டத் தெரியும். செல் விழத் தொடங்கியதும் அதே மண்வெட்டியால் என்ன வெட்டினோம்? பதுங்குகுழி. கைத்திறன் போகவில்லை, மண்வெட்டியும் தொலையவில்லை. அந்த நேரத்து வேலை வேறு. அழற்சியின்போது உடலில் அபாயச் சங்கு போலச் சில இரசாயனத் தூதுகள் பரவுகின்றன. இன்ரர்லூக்கின்-6 அவற்றுள் ஒன்று. அந்தச் சங்கைக் கேட்ட குடற்கலமும் ஈரற்கலமும் மருந்தை உடைக்கும் நொதியத்தைச் செய்வதைக் குறைத்து, பாதுகாப்பு வேலைக்குப் போய்விடுகின்றன.

ஆராய்ச்சிகளில் இதை நேரே பார்த்திருக்கிறார்கள். பெருங்குடற்புண் அழற்சி உள்ளவர்களின் குடலிலிருந்து எடுத்த சிறு இழையத் துண்டுகளைச் சோதித்து 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நஞ்சகற்றும் பரம்பரையலகுகளை விரித்துவைக்கும் மேற்பார்வைப் புரதமும், அதன் கீழ் வேலைசெய்யும் வாசற்காவற் புரதமும் குறைந்திருந்தன. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமையால் சடைமுளைகள் தேயும் சீலியாக் நோயில், மருந்தை உடைக்கும் நொதியம் குடலில் குறைந்திருந்ததையும், கோதுமையைத் தவிர்த்து உண்ணத் தொடங்கிய பின் அது திரும்பி வந்ததையும் 1996இல் காட்டினார்கள். சண்டை ஓய்ந்ததும் கமக்காரன் மீண்டும் பாத்தி கட்டியது போல. குரோன் நோயுள்ள பிள்ளைகளின் குடல் இழையங்களிலும் இவ்வகை ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. அழற்சி குடலின் எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழத்தில், பிள்ளைக்கு என்ன வயது என்பவற்றைப் பொறுத்து அளவு கூடியும் குறைந்தும் இருக்கிறது. அதனாலேயே ஒரு பிள்ளையின் அளவை இன்னொரு பிள்ளைக்குப் பொருத்த முடியாது.

வயிற்றோட்டம் வந்தால் மருந்து உடம்பில் தங்காது, ஆகவே கொஞ்சம் கூடக் கொடுப்போம் என்று எண்ணுபவர்கள் எம்மிடையே பலர். ஒரு மருந்தைப் பற்றிய அனுபவம் இதற்கு நேர்மாறானது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் தினமும் எடுக்கும் ரக்ரோலிமஸ் என்ற மருந்து, கடுமையான வயிற்றோட்டத்தின்போது இரத்தத்தில் ஏறிவிடும். பிள்ளைகளிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. நொதியமும் வாசற்காவலும் தளர்ந்து விடுவதால் வாய்க்கால் குடிப்பது குறைகிறது, கடைசிப் பாத்தி நிரம்பி வழிகிறது. மறுபுறத்தில், நலமான சடைமுளை தன் கையால் எடுத்து உள்ளே விடவேண்டிய பொருட்கள் குறைந்து போகும். இரும்புச் சத்துக் குளிசையும் தைரொக்சினும் சேதமுற்ற குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. எது ஏறும், எது இறங்கும் என்பதை வீட்டிலிருந்து ஊகிக்க வழியில்லை. ஆகவே கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், போய்ச் சொல்லுங்கள்.

இன்னொரு மருந்தே வாய்க்காலை மாற்றிவிடுவதும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் றிபம்பிசின், மேலே சொன்ன மேற்பார்வைப் புரதத்தைத் தட்டியெழுப்பி நொதியத்தைப் பெருக்கிவிடும். அப்போது பிறெட்னிசொலோன், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வாபரின் போன்றவை வேகமாக உடைபட்டு, போட்ட குளிசை போடாததற்குச் சமமாகும். காசநோய்ச் சிகிச்சை பெறுபவர் வேறு எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதை முதலிலேயே சொல்லவேண்டியது இதற்காகவே.

வேலூரில் கண்டது

அடிக்கடி கிருமி புகும் ஊர்களில், வயிற்றோட்டம் இல்லாத நாளிலும் பிள்ளைகளின் குடல் முழுநலமாக இருப்பதில்லை. சடைமுளைகள் குட்டையாகி, மெல்லிய அழற்சி எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். வெளியில் நோய் தெரியாது. பிள்ளை வளர்த்தியில் பின்தங்கும். அவ்வளவே.

தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைத்தியர் ரி. ஜேக்கப் ஜோன் 1970களின் தொடக்கத்தில் ஒரு விடயத்தைக் கண்டார். மேலைநாட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று முறை கொடுத்தால் போதுமாயிருந்த போலியோச் சொட்டு மருந்து, வேலூர்ப் பிள்ளைகளில் பலருக்கு மூன்று முறை கொடுத்தும் போதிய எதிர்ப்புச் சக்தியைத் தரவில்லை. மருந்து பழுதில்லை. உள்ளே வாங்கிய குடல் வேறு. இதற்குக் காரணங்கள் பல. குடலில் ஏற்கெனவே குடியிருந்த வேறு வைரசுகளும், ஓயாத மெல்லிய அழற்சியும் அவற்றுள் அடங்கும். இந்தியாவில் மீண்டும் மீண்டும் சொட்டு மருந்து கொடுக்கவேண்டி வந்ததும், கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில்தான் காணப்பட்டதும் இக்கதையின் தொடர்ச்சி. இலங்கையில் கடைசி நோயாளி 1993இல். போர் நடந்த காலத்திலும் சொட்டு மருந்து நாட்களுக்காக இரு தரப்பும் துப்பாக்கியை ஓயவிட்டதை எமது தாய்மார் மறந்திருக்கமாட்டார்கள்.

எமது தீபகற்பத்தின் நிலம் சுண்ணக்கல். மேலே ஒரு முழமோ இரண்டு முழமோ செம்மண், கீழே வெடிப்பும் பொந்துமான கல். மலக்குழிக்குள் இறங்குவது வடிபடாமல் கிணற்றுக்குள் போய்ச் சேரும். சொந்தக் காணியில் இருந்தபோது கிணறு ஒரு மூலையில், மலசலகூடம் மறு மூலையில். நலன்புரி நிலையங்களில் இரண்டு பரப்புக் காணிக்குள் இருபது குடும்பம், ஒரு கிணறு, வரிசையாகக் குழிகள். அந்தப் பிள்ளைகளின் குடல் அமைதியாக இருக்க நியாயமில்லை. குடிதண்ணீரைக் கொதிக்க வைப்பதை நாம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி அலுப்பூட்டுவதாக முறையிடுபவர்கள் உண்டு. விறகு என்ன விலை விற்கிறது என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. சின்னப் பிள்ளைகளுக்குக் குடிக்கும் தண்ணீரையாவது கொதிக்க வையுங்கள் என்பதே அதற்கு எமது பதில்.

சாதாரண வயிற்றோட்டத்துக்கு மருந்து எது என்பதும் ஒரு முகாமிலேயே நிரூபிக்கப்பட்டது. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த பொங்கான் முகாமில் கொலரா பரவி, சேலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலநாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கரைத்த தண்ணீரைத் தாய்மாரின் கையில் கொடுத்துக் குடிக்கப் பருக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அடிபட்ட குடலிலும் ஒரு படலை மட்டும் பூட்டுப்படாமல் இருக்கிறது. உப்பும் சீனியும் சேர்ந்து வந்தால் அது திறந்து, தண்ணீரையும் கூடவே உள்ளே எடுக்கும். எமது கடைகளில் ஜீவனி என்று கிடைப்பது அதுதான். ஒரு பைக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, ஒரு நாளுக்குள் முடிக்கவேண்டும். அரைப் பைக்கற்றை ஒரு கோப்பையில் கரைப்பது கூடாது. கூடவே சிங்க் குளிசையைப் பத்து முதல் பதினான்கு நாள் கொடுக்கும்படி 2004இலிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்லி வருகிறது. வயிற்றோட்டம் நின்ற பின்னும் நாட்களை முடிக்கவேண்டும், சடைமுளை திரும்ப வளர அது உதவும்.

இளையவனின் சேட்டு

இனி, சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும்.

அந்த நிலையத்தில் எமது பணியகம் ஒரு மருந்துப் பெட்டி வைத்திருந்தது. பனடோல், ஜீவனி, புண்ணுக்குப் பூசும் மருந்து, அதோடு அமீபாவுக்குக் கொடுக்கும் மெற்றொனிடசோல். இந்தக் கடைசிக் குளிசை அங்கே இருந்திருக்கக் கூடாது. மூத்தவனுக்கு இரத்தமும் சளியுமாகப் போனபோது வைத்தியர் சோதித்து, துண்டில் அமீபா என்று எழுதி இக்குளிசையைக் கொடுத்தார். குணமானது. சில மாதங்களின் பின் இளையவனுக்கு அதே போலப் போக, தாய் எம்மிடம் வந்தார். நாம் துண்டு கேட்கவில்லை. தமையனுக்குக் கேட்டது தம்பிக்கும் கேட்கும் என்று பெட்டியைத் திறந்து கொடுத்தோம். மூன்று மாதத்தில் நான்கு முறை கொடுத்தோம். இடையில் பேத்தியார் மாதுளங்கோது அவித்துக் கொடுத்தார். அவருடைய மருந்து எமது மருந்தைவிடத் தீங்கில்லாதது.

பிழையைப் பிடித்தவர் அவனுடைய வகுப்பு ஆசிரியை. மற்றப் பிள்ளைகள் வருடா வருடம் புதுச் சீருடை தைக்க, இவனுடைய இரண்டு வருடத்துச் சேட்டு இன்னும் அளவாக இருந்தது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடம் ஒரே சேட்டு அளவாக இருப்பது சிக்கனமல்ல, நோய். அவர் தானே அவனைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனார்.

பல சோதனைகளின் பின் கிடைத்த பெயர் குரோன் நோய். நியூயோர்க்கில் பரில் குரோனும் இரு சக வைத்தியர்களும் 1932இல் விவரித்த நோய் இது. உடலின் பாதுகாப்பே குடலைத் தாக்கும் இரு பெரிய நோய்களில் ஒன்று. மற்றது பெருங்குடற்புண் அழற்சி. இலங்கையில் இவை அரிது. கம்பஹா மாவட்டத்தில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி இலட்சம் பேரில் பெருங்குடற்புண் அழற்சி 5.3 பேருக்கும், குரோன் நோய் 1.2 பேருக்கும் இருந்தது. அரிது என்பதே ஆபத்து. இரத்த வயிற்றோட்டம் என்றதும் எமக்கு முதலில் ஞாபகம் வருவது அமீபா. அதில் தவறுமில்லை. யாழ். மாவட்டத்தில் அமீபா ஈரற்கட்டி நெடுங்காலமாகக் காணப்படும் நோய், பெரும்பாலும் கள்ளு முதலியன குடிக்கும் ஆண்களுக்கு வருவது. ஆனால் ஒரு பிள்ளைக்கு நான்கு கிழமைக்கு மேல் வயிற்றோட்டம் நீடித்தால், இரவில் எழும்பி மலங்கழிக்கப் போனால், நிறை குறைந்தால், உயரம் நின்றால், வாய்ப்புண்ணும் மூட்டு நோவும் ஆசனவாயில் வெடிப்பும் திரும்பத் திரும்ப வந்தால், அமீபாவோடு நின்றுவிடாமல் மேலே சோதிக்கவேண்டும்.

சோதனைக்குப் பல கிழமை சென்றது. தகப்பன் பொறுமையிழந்தார். “வருத்தம் என்னெண்டு தெரிஞ்ச பிறகும் ஏன் மருந்து தொடங்கினமில்லை?” என்று எம்மைக் கேட்டார். காரணம் இதுதான். குடலில் வரும் காசநோயும் குரோன் நோயும் கமெராவில் ஒன்றுபோலவே தெரியும். குரோனுக்கான மருந்துகள் உடலின் பாதுகாப்பைத் தணிப்பவை. உள்ளே இருப்பது காசநோயாகவோ அமீபாவாகவோ இருந்தால், அம்மருந்து வேலியைப் பிடுங்கி மாட்டை உள்ளே விட்டதற்குச் சமம். எமது நாடுகளில் வைத்தியர்கள் இந்த இடத்தில் காலம் எடுப்பது அசட்டையால் அல்ல.

சிகிச்சை விசேட பால் உணவோடு தொடங்கியது. ஆறு முதல் எட்டுக் கிழமை வேறொன்றும் உண்ணாமல் அதை மட்டும் குடிப்பது பிள்ளைகளின் குரோன் நோயைத் தணிக்கும். மருந்தேயில்லாமல் சங்கொலியை நிற்பாட்டும் வழி அது. பக்கத்துக் கொட்டிலில் மீன் பொரிக்கும் மணம் வரும்போது அவன் அழுததைத் தாய் சொல்லியிருக்கிறார். பின்னர் பிறெட்னிசொலோன். கிழமைக் கணக்கில் எடுத்த இக்குளிசையைத் திடீரென நிற்பாட்டக்கூடாது. உடல் தானாகச் சுரக்கும் அதே வகைச் சுரப்பு ஓய்ந்து கிடக்கும், அது விழிக்க நேரம் வேண்டும். படிப்படியாகவே குறைக்கவேண்டும். முகம் வீங்குகிறது என்று அயலார் சொன்னதைக் கேட்டு நிற்பாட்டி, மயங்கி விழுந்த பிள்ளைகள் உண்டு.

மூன்றாவது மருந்து அசதயோப்பிரின். 1988இல் நோபல் பரிசு பெற்ற கேற்றூட் எலியன், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் ஆகியோரின் ஆய்விலிருந்து வந்தது. மெதுவாக, இரண்டு மூன்று மாதத்தில் வேலைசெய்யத் தொடங்கும். இதைத் தொடங்கி மூன்றாம் கிழமை இளையவனின் தலைமயிர் கைப்பிடியாகக் கொட்டியது. குறித்த நாளில் இரத்தம் சோதிக்கப் போயிருந்தபடியால், வெண்குருதிக்கலங்கள் சரிந்ததை அன்றே கண்டு மருந்தை நிறுத்தினார்கள். பின்னர் மிகச் சிறிய அளவில் திரும்பத் தொடங்கினார்கள். அந்தக் கிழமை மழையென்று போகாமல் விட்டிருந்தால் ஒரு சாதாரண காய்ச்சலே அவனைக் கொண்டுபோயிருக்கும்.

இங்கே மாறியது வேறு. முன்பு சொன்னது குறிப்பை விரிப்பதும் மூடுவதும். இது குறிப்பிலேயே பிறப்பிலிருந்து இருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம். அசதயோப்பிரினை உடைக்கும் ஒரு நொதியம் ஐரோப்பியரில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு வேலைசெய்யாது என்பது 1980இலிருந்து தெரியும். அதை மட்டும் சோதித்தால் போதுமென்று எண்ணியிருந்தார்கள். எங்கள் நாடுகளில் அச்சோதனை சரியாக இருந்தவர்களுக்கும் வெண்கலம் சரிந்தது. 2014இல் கொரிய ஆராய்ச்சியாளர்கள் வேறொரு பரம்பரையலகைக் கண்டார்கள். என்.யு.டி.ரி.15 என்று எழுதுவார்கள். அதில் வித்தியாசம் உள்ளவர்கள் ஐரோப்பாவில் மிக அரிது. கிழக்காசியாவிலும் தென்னாசியாவிலும் பலர் அதைச் சுமக்கிறார்கள். ஒரு கையெழுத்தில் வித்தியாசமிருந்தால் அளவைக் குறைக்கவேண்டும், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்திருந்தால் மருந்தே ஆகாது என்ற நிலையும் வரலாம். மயிர் கொட்டுவது அதன் அடையாளங்களில் ஒன்று. ஐரோப்பாவின் கணக்கை வைத்து யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மருந்து அளந்த காலத்தை நினைக்க, இலண்டன் விதைநெல்லை எங்கள் வயலில் விதைத்த கதை போலிருக்கிறது.

பெருங்குடற்புண் அழற்சியுள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் சல்பாசலசீன் பற்றியும் இரண்டு வரி. சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் வைத்தியர் 1940களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய மருந்து. இதை எங்கள் உடல் உடைப்பதில்லை. பெருங்குடலில் குடியிருக்கும் பற்றீரியாக்களே உடைத்து, வேலைசெய்யும் பகுதியை வெளியே விடுகின்றன. ஆகவே இம்மருந்து எடுக்கும் பிள்ளைக்குக் கடையில் சொல்லி வாங்கும் அன்ரிபயோட்டிக் கொடுப்பது, வேலையாட்களைக் கலைத்துவிட்டு இறைப்பை நடத்துவது போலாகும். இம்மருந்து போலிக் அமிலத்தின் உறிஞ்சலையும் குறைப்பதால் அந்தக் குளிசையையும் சேர்த்து எழுதுவார்கள். அதை வீண் குளிசை என்று விட்டுவிடக்கூடாது.

கிளினிக் கொப்பி

மேலே சொன்னவற்றுள் ஒன்றையும் ஒரு வைத்தியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்கியது, எப்போது குறைத்தது, கடைசி இரத்தச் சோதனை என்ன சொன்னது, வீட்டில் வேறென்ன கொடுத்தீர்கள் என்ற விவரம் வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பம் இந்த இடத்தில்தான் நட்டப்படுகிறது. வாடகை வீடு மாறும், கிராம சேவையாளர் பிரிவு மாறும், கிளினிக் மாறும். மீள்குடியேறிப் போனால் ஆஸ்பத்திரியே மாறும். ஒவ்வொரு முறையும் “வெள்ளைக் குளிசை, சின்னது” என்று சொல்லித் தொடங்கவேண்டியிருக்கும். பிறெட்னிசொலோனும் வெள்ளை. மெற்றொனிடசோலும் பெரும்பாலும் வெள்ளை.

ஆகவே முடிந்த குளிசை அட்டையை எறியாதீர்கள். பெயர் எழுதிய பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டுங்கள். மாதுளங்கோதும் வேப்பம்பட்டையும் கொடுத்தால் அதையும் எழுதுங்கள், ஏச்சு விழுமென்று மறைக்கவேண்டாம். மாதமொருமுறை பிள்ளையைக் கதவு நிலையோடு நிறுத்திக் கரியால் கோடு போட்டு, திகதியும் எழுதுங்கள். நிறை பார்க்கத் தராசு இல்லாத வீட்டிலும் கதவு நிலை உண்டு. பாதுகாப்பைத் தணிக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்குப் பாடசாலையில் தடுப்பூசி போட வந்தால், கொப்பியைக் காட்டிய பின்னரே கை நீட்டச் சொல்லுங்கள். உயிருள்ள கிருமியால் செய்த ஊசிகள் அப்பிள்ளைக்கு ஆகாது. எமது நிலையத்துப் பெட்டியில் இப்போது ஜீவனியும் பனடோலும் புண்மருந்தும் மட்டுமே உண்டு. பனடோலும் வயதுக்கல்ல, நிறைக்கு அளந்து கொடுக்கப்படுகிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் நாமும் ஒருவர். அப்போது பாடசாலைப் பிள்ளை. அம்மா ஒரு பொலித்தீன் பைக்குள் காணி உறுதியும் பிறப்பத்தாட்சியும் வைத்து, மழையில் நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். இளையவனின் தாயிடமும் அப்படி ஒரு பை இருக்கிறது. கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது எமக்கு எடுத்துக் காட்டினார். உறுதி, குடும்ப அட்டை, அவற்றுக்கிடையில் ஓரம் கிழிந்த நான்கு கிளினிக் கொப்பிகள். முதலாவது கொப்பியின் முதற் பக்கத்தில், நான்கு முறை மெற்றொனிடசோல் கொடுத்த திகதிகளை எமது கையால் எழுதியிருந்தோம்.